எண்பத்தேழாம் பக்கம் எங்கே?

"பிள்ளை, எனக்கு வாசிக்கிறதுக்கு ஒரு புத்தகம் எடுத்துத் தருவீரே?"

நான் சமூகப் பணிக்கு வந்து பல வருடங்களாகின்றன. என்னிடம் கேட்கப்படாத உதவி இல்லை என்றே நினைத்திருந்தேன். வீட்டுத்திட்டம், மலசலகூடம், தையல் இயந்திரம், கோழிக்குஞ்சு, பிள்ளைகளுக்குச் சப்பாத்து, காணாமல் போனவரைத் தேடி எழுத ஒரு கடிதம். ஆனால் வாசிப்பதற்குப் புத்தகம் வேண்டும் என்று எவரும் கேட்டதில்லை. அதுவும், கேட்டவருக்கு இரண்டு கண்களும் தெரியாது.

அது 2019 ஆம் ஆண்டின் தொடக்கம். முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு மீள்குடியேற்றக் கிராமம். அந்த அக்கா வீட்டு விறாந்தையில் இருந்து கச்சான் கோது உடைத்துக்கொண்டிருந்தார். போருக்கு முன்னர் அவர் முன்பள்ளி ஆசிரியை. 2009 ஏப்ரலில் எறிகணை வீச்சில் அவரது பார்வை போயிற்று. வலது கையின் விரல் நுனிகளும் சிதைந்துவிட்டன. வயதான தாயோடும் மகனோடும் வாழ்கிறார். நான் விபரப் படிவத்தை நிரப்பி முடித்து, "வேறு ஏதாவது தேவை இருக்கா அக்கா?" என்று வழமைபோலக் கேட்டேன். அதற்குத்தான் அந்தப் பதில் வந்தது.

"முந்தி நான் கிழமைக்கு இரண்டு புத்தகம் வாசிக்கிறனான். பத்து வருசமாய் ஒண்டுமில்லை. மகனிட்ட எத்தினை நாளைக்குக் கேக்கிறது? அவன் தன்ர பள்ளிக்கூடப் புத்தகத்தையே வாசிக்கிறானில்லை" என்று சொல்லிச் சிரித்தார்.

படிவத்தில் அதை எழுத ஓர் இடம் இருக்கவில்லை. "ஏனைய" என்ற கூட்டுக்குள் "புத்தகம்" என்று எழுதிக்கொண்டு வந்தேன்.

படம் வேறு, எழுத்து வேறு

பார்வையற்றோர் என்றதும் எமக்கு முதலில் நினைவுக்கு வருவது பிறெயில். ஆறு புள்ளிகளால் ஆன அந்த எழுத்து முறையை உருவாக்கிய லூயி பிறெயிலும் சிறு வயதில் பார்வை இழந்தவரே. பிறெயில் இன்றும் இன்றியமையாதது. ஆனால் வளர்ந்த பின்னர் பார்வை இழந்தவருக்கு அதைப் பழகுவது இலகுவல்ல. விரல் நுனியும் காயப்பட்டிருந்தால் இன்னும் கடினம். எங்கள் பகுதியில் குண்டுச் சிதறலால் பார்வை இழந்த பலருக்குக் கையிலும் காயம் இருக்கிறது.

இவர்களுக்கு உதவக்கூடியது கணினியிலும் போனிலும் உள்ள திரைவாசிப்பான். திரையில் உள்ள எழுத்தை அது குரலாக வாசித்துக் காட்டும். கணினியில் இலவசமாகப் பாவிக்கக்கூடிய என்விடிஏ என்ற மென்பொருளை 2006 ஆம் ஆண்டு தொடங்கியவர்கள் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இரு இளைஞர்கள். இப்போதைய அன்ட்ரொயிட் போன்களிலும் இந்த வசதி உண்டு. தமிழையும் வாசிக்கும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திரைவாசிப்பானால் எழுத்தைத்தான் வாசிக்க முடியும். ஒரு புத்தகத்தை நாங்கள் ஸ்கான் செய்தால் கிடைப்பது எழுத்தல்ல, பக்கத்தின் படம். கண் தெரிந்தவருக்கு அது புத்தகம். திரைவாசிப்பானுக்கு அது வெறும் தாள். ஆகவே அந்தப் படத்தை எழுத்துணரி மென்பொருளுக்குக் கொடுத்து, எழுத்தாக மாற்ற வேண்டும். இந்த வழியைப் பார்வையற்றோருக்காக முதலில் திறந்தவர் அமெரிக்கரான ரே கர்ஸ்வெயில். 1976 இல் அச்சுப் புத்தகத்தை ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டும் இயந்திரம் ஒன்றை அவர் வெளியிட்டார். 2002 இல் அங்கே புக்ஷெயார் என்ற நூலகம் தொடங்கியபோது, தொண்டர்களும் வாசகர்களும் புத்தகங்களை ஸ்கான் செய்து, பிழை திருத்திச் சேர்த்தார்கள். தமிழுக்கு நல்ல எழுத்துணரி வரப் பின்னும் பல வருடங்கள் சென்றன. இப்போது இருக்கிறது. ஆனாலும் அது பிழை விடும்.

அந்தப் பிழைகளைக் களைவதுதான் நான் சொல்ல வந்த வேலை. வேறொன்றுமில்லை. ஒரு பக்கம் படம், மறுபக்கம் இயந்திரம் தந்த எழுத்து. இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். சுளகில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்குகிற வேலைதான். ஒரு கல் தப்பினாலும் சாப்பிடுகிறவருக்குத்தான் பல்லில் கடிபடும்.

இயந்திரம் எப்படிப் பிழை விடுகிறது?

அக்காவுக்காக நான் முதலில் எடுத்தது, எங்கள் மண்ணில் பிறந்த ஓர் எழுத்தாளரின் நாவல். நூலகத்தில் இரவல் வாங்கினேன். எங்கள் அலுவலகத்தில் ஒரு ஸ்கானர் இருந்தது. வேலை முடிந்து எல்லோரும் போன பின்னர் பத்துப் பத்துப் பக்கமாக ஸ்கான் செய்தேன். எழுத்தாக மாற்றிப் பார்த்தபோது, "இதென்ன, எல்லாம் சரியாக வந்திருக்கிறதே" என்று மகிழ்ந்து, அப்படியே அக்காவின் போனில் ஏற்றிக் கொடுத்தேன்.

இரண்டு நாளில் அக்கா அழைத்தார். "பிள்ளை, இது தமிழோ?"

கண்ணால் மேலோட்டமாகப் பார்த்த எனக்குப் பிழை தெரியவில்லை. ஏனென்றால் எங்கள் கண் தானாகவே திருத்திக்கொண்டு போகிறது. காதுக்கு அந்த வசதி இல்லை. குரல் சொன்னது சொன்னதுதான்.

தமிழில் காலும் "ர"வும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். "காலம்" என்பதை இயந்திரம் "கரலம்" என்று எடுத்திருந்தது. "தண்ணீர்" எல்லாம் "தண்ணிர்" ஆகியிருந்தது. "ஏழு பேர்" என்பது "எழு பேர்" ஆயிற்று. மெய்யெழுத்தின் புள்ளி மங்கலாக இருந்தால் இயந்திரம் அதை விட்டுவிடும். "கல்வி" என்ற சொல்லில் புள்ளி போனால் என்ன நடக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. "கல்வி அதிகாரி வந்தார்" என்ற இடத்தில் அக்காவும் அவரது தாயும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம்.

சிரிக்க முடியாத பிழைகளும் உண்டு. "மணம்" என்பது "மனம்" ஆனால் இரண்டுமே தமிழ்ச் சொற்கள். கணினியின் பிழைதிருத்தியும் அதைப் பிடிக்காது. மூலப் பக்கத்தைப் பார்க்கிற ஒரு மனிதக் கண்தான் பிடிக்கும்.

பழைய புத்தகங்கள் இன்னும் சிக்கலானவை. 1978 இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை அறிமுகம் செய்ய முன்னர் அச்சான நூல்களில் "லை", "னை" போன்ற எழுத்துகள் யானைத் தும்பிக்கைபோல வளைந்த கொம்போடு இருக்கும். இயந்திரம் தடுமாறும். தாள் மெல்லியதாக இருந்தால் பின்பக்கத்து எழுத்து முன்னால் தெரியும். வரி முடிவில் உடைந்த சொல் இரண்டாகவே வாசிக்கப்படும். பக்கத்துக்குப் பக்கம் மேலே அச்சாகியிருக்கும் நூலின் பெயர், கதையின் நடுவில் வந்து விழும். கதாநாயகி அழுதுகொண்டிருக்கும்போது குரல் திடீரென்று புத்தகத்தின் பெயரைச் சொன்னால் எப்படி இருக்கும்?

தட்டச்சு செய்த ஆவணங்களிலும் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் அலுவலகங்களில் வருடக்கணக்காகப் பாமினி எழுத்துருவில் வேலை செய்திருக்கிறோம். பாமினியில் "அம்மா" என்று அடித்தால் கணினிக்குள் பதிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற விசைகள் மட்டுமே. எங்கள் கண்ணுக்கு அம்மா. திரைவாசிப்பானுக்கு அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். யூனிகோட் எழுத்துக்கு மாற்றினால்தான் அது அம்மா என்று சொல்லும்.

ஓர் இலக்கம் மாறினால்

அக்காவின் கதை காதோடு காதாகப் பரவி, பார்வையற்ற ஒரு மாணவியின் தாயார் என்னைத் தேடி வந்தார். மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். வரலாற்றுக் குறிப்புகளை எழுத்தாக மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். இப்போது கவனமாகத்தான் செய்தேன். இருந்தும் ஓரிடம் தப்பிவிட்டது. டொனமூர் அரசியல் யாப்பின் கீழ் இலங்கையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சர்வசன வாக்குரிமை கிடைத்தது 1931 ஆம் ஆண்டில். இயந்திரம் மூன்றை எட்டாக்கி, 1981 என்று எழுதியிருந்தது.

பிள்ளை அதை அப்படியே பாடமாக்கிவிட்டாள். ஆசிரியர் வகுப்பில் கேட்டபோது 1981 என்றாள். மற்றப் பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். "நான் கேட்டதைத்தான் ரீச்சர் சொன்னனான்" என்றாளாம். பிழை என்னுடையது. சிரிப்புக்கு ஆளானவள் அவள். பரீட்சை மண்டபத்தில் நடந்திருந்தால் புள்ளியும் போயிருக்கும். அன்றிலிருந்து ஆண்டுகளையும் தொகைகளையும் மட்டும் தனியாக இன்னொரு தடவை பார்க்கிற வழக்கத்தை வைத்திருக்கிறேன்.

1981 என்றதும் எம்மவர்க்கு நினைவு வருவது வேறொன்று. அந்த வருடத்தில்தான் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அதன் பின்னர் இடம்பெயர்வுகளில் வீடுவீடாகப் புத்தகங்களை இழந்தோம். அந்த இழப்பின் வலி தெரிந்தவர்கள் 2005 இல் தொடங்கியதுதான் "நூலகம்" என்னும் எண்ணிம நூலகம். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஆயிரக்கணக்கில் ஸ்கான் செய்து எல்லோரும் இலவசமாக வாசிக்க வைத்திருக்கிறது. பெரும் பணி அது. ஆனால் ஸ்கான் செய்த பக்கம் படமாகவே இருக்கும்வரை, நெருப்பில் தப்பிய புத்தகமும் பார்வையற்றவருக்கு மூடிய புத்தகம்தான். அதைத் திறப்பதற்கு ஒவ்வொரு பக்கத்துக்கும் பொறுமையுள்ள ஒருவர் வேண்டும்.

நான் எடுத்த தாள்

இனி எனது பெரிய பிழையைச் சொல்கிறேன். இதை எழுதுவதா என்று பல நாள் யோசித்தேன்.

அக்காவின் நாவலை முதலில் இருந்து மீண்டும் திருத்தத் தொடங்கினேன். தெளிவான பக்கத்துக்குப் பத்து நிமிடம், மங்கலான பக்கத்துக்கு அரை மணித்தியாலம். அத்தியாயம் அத்தியாயமாக அனுப்பினேன். பக்க எண்ணை எடுக்க வேண்டாம் என்று அக்கா சொல்லியிருந்தார். "எத்தினையாம் பக்கத்தில விட்டனான் எண்டு எனக்கும் தெரிய வேணும். புத்தகமெண்டால் பக்கம் இருக்க வேணும்." ஆகவே ஒவ்வொரு பக்கத்தின் தொடக்கத்திலும் எண்ணைத் தனி வரியில் போட்டேன்.

எண்பத்தேழாம் பக்கத்துக்கு வந்தபோது எனது கை நின்றுவிட்டது. அங்கே ஒரு பதுங்குகுழி வருகிறது. எறிகணை விழுகிறது. தாய் ஒருத்தி மண்ணைக் கையால் கிளறித் தன் மகளைத் தேடுகிறாள். அடுத்த பக்கமும் அதுதான். எறிகணையில் கண்ணை இழந்த ஒரு பெண்ணின் காதில் இதை எப்படிப் போடுவது என்று நினைத்தேன். உளவளத்துணைப் பயிற்சிகளில் படித்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. பழைய காயத்தைக் கிளறக் கூடாது, பாதிக்கப்பட்டவரைப் பாதுகாக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எண்பத்தேழு, எண்பத்தெட்டு இரண்டையும் அழித்தேன். ஒரு தாள்தானே. கதை பெரிதாக உடையவில்லை. அத்தியாயத்தை அனுப்பிவிட்டு, நல்ல காரியம் செய்த நிம்மதியோடு படுத்தேன்.

அடுத்த நாள் காலை அழைப்பு வந்தது.

"பிள்ளை, எண்பத்தாறுக்குப் பிறகு எண்பத்தொன்பது வருது. எண்பத்தேழாம் பக்கம் எங்கை?"

"அது... அந்தத் தாள் கிழிஞ்சு போயிருக்கு அக்கா."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். "முப்பத்திரண்டாம் பக்கத்தில ஒரு மூலை கிழிஞ்சிருந்தது. 'இவ்விடத்தில் தாள் கிழிந்துள்ளது' எண்டு எழுதியிருந்தனீர். நீர் கவனமான பிள்ளை. இது கிழியேல்லை. நீர் எடுத்திட்டீர்."

நான் ஒப்புக்கொண்டேன். காரணத்தையும் சொன்னேன்.

"ஷெல் விழுந்தது எனக்குத் தெரியாதே பிள்ளை? பத்து வருசமாய் ஆர் வந்தாலும் எனக்கு எது நல்லது, எது கூடாதெண்டு தாங்களே முடிவெடுத்துக்கொண்டு வருகினம். எனக்கு முன்னால இருந்துகொண்டு அம்மாவிட்டக் கேக்கினம், 'அவ தேத்தண்ணி குடிப்பாவோ?' எண்டு. என்ர கண்ணைத்தான் ஷெல் கொண்டுபோனது. நீர் ஏன் புத்தகத்தையும் கொண்டுபோறீர்? எனக்குத் தாங்கேலாட்டி நானே நிப்பாட்டுவன். நிப்பாட்டிற பொத்தான் என்ர கையிலதானே இருக்கு."

எனக்குப் பதில் வரவில்லை. சமூகவியல் பட்டம் பெற்றவள் நான். பயனாளியின் சுயநிர்ணயம், பங்குபற்றல் என்றெல்லாம் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள். ஒரு பெண் தனக்கு வேண்டிய பக்கத்தைத் தானே வாசித்துத் தானே மூட விடவேண்டும் என்பது எனது புத்திக்கு எட்டவில்லை.

அன்றே அந்த இரண்டு பக்கத்தையும் அனுப்பினேன். ஆனால் திருத்தவில்லை. இயந்திரம் தந்ததை அப்படியே அனுப்பினேன். வேலை அதிகம் என்று எனக்கு நானே காரணம் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து அக்காவின் வீட்டுக்குப் போனேன். முகத்தில் வேறுபாடு எதுவும் இல்லை. தேநீர் தந்தார். பிறகு கேட்டார். "பிள்ளை, எண்பத்தேழில அந்தத் தாய் மகளைத் தேடுறா. எண்பத்தெட்டில ஓரிடத்தில 'மகன்' எண்டு வருது. பிறகும் மகள் எண்டு வருது. தேடினது மகளையோ, மகனையோ?"

"ள"வை இயந்திரம் "ன" என்று எடுத்திருந்தது. நான் பார்த்திருந்தால் ஒரு விநாடியில் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை.

"நீர் அந்தப் பக்கத்தை வாசிக்கேல்லை, என்ன?" என்றார் அக்கா மெதுவாக.

எனது தங்கையை நாங்கள் 2009 மார்ச்சில் பதுங்குகுழிக்குப் பக்கத்திலேயே புதைத்துவிட்டு நடந்தோம். இதை நான் பணி செய்யும் இடங்களில் சொல்வதில்லை. அன்று சொன்னேன். அந்தப் பக்கத்தை நான் அழித்தது அக்காவுக்காக மட்டுமல்ல என்பது எனக்கே அப்போதுதான் விளங்கியது.

அக்கா எதுவும் சொல்லாமல் எனது கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு, "அவள் மகள்தான். அதைச் சரியாப் போடும். ஒரு தாய் தேடின பிள்ளை ஆரெண்டு பிழையாய் இருக்கக் கூடாது" என்றார்.

அன்றிரவு எண்பத்தேழாம் பக்கத்தையும் எண்பத்தெட்டாம் பக்கத்தையும் முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை வாசித்துத் திருத்தினேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சென்றது. பதினொரு பிழைகள் இருந்தன.

இப்போது எப்படிச் செய்கிறோம்?

இன்று நான் தனியாக இல்லை. எங்கள் பகுதியில் சில பெண்கள் சேர்ந்து செய்கிறோம். ஒருவர் சக்கர நாற்காலியில் இருப்பவர். இன்னொருவர் கணவரை இழந்து மூன்று பிள்ளைகளை வளர்ப்பவர். பிள்ளைகள் தூங்கிய பின்னர் ஒரு பக்கம் செய்வார். ஒரு புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பலர் பகிர்ந்து திருத்தும் முறை புதிதல்ல. இணையத்தில் 2000 ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. நாங்கள் அதை வைபர் குழுவில் செய்கிறோம். அனுபவத்தில் கற்றுக்கொண்டவற்றை உங்களோடு பகிர்கிறேன்.

1. பக்கத்தை நல்ல வெளிச்சத்தில், நிழல் விழாமல், மடிப்பில்லாமல் படம் எடுக்க வேண்டும். இதில் செலவிடும் ஒரு நிமிடம் பின்னர் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்தும்.

2. ஊகித்துத் திருத்தக் கூடாது. மூலப் பக்கத்தைப் பார்த்தே திருத்த வேண்டும். எழுத்தாளர் "வேணும்" என்று எழுதியிருந்தால் அதை "வேண்டும்" ஆக்க எமக்கு உரிமை இல்லை.

3. ஆண்டு, தொகை, பெயர், மருந்தின் அளவு ஆகியவற்றை இரண்டாம் முறை தனியாகப் பார்க்க வேண்டும்.

4. பக்க எண்ணை விடக் கூடாது. மாணவர்கள் வகுப்பில் மற்றவர்களோடு சேர்ந்து போவதற்கும் அது வேண்டும்.

5. படம், அட்டவணை இருந்தால் அதில் என்ன இருக்கிறது என்று இரண்டு வரியில் எழுத வேண்டும். "அழகான படம்" என்று எழுதுவதில் பயனில்லை. "கிணற்றடியில் இரண்டு பெண்கள் நிற்கிறார்கள், ஒருவர் கையில் வாளி" என்று எழுதுங்கள்.

6. வாசிக்க முடியாத இடத்தில் "இங்கே எழுத்துத் தெளிவில்லை" என்று குறிக்க வேண்டும். மறைக்கக் கூடாது.

7. கடைசியாக, கண்ணை மூடிக்கொண்டு திரைவாசிப்பானில் ஒரு தடவை கேளுங்கள். கண்ணுக்குத் தப்பியது காதில் பிடிபடும்.

"இவ்வளவு பாடுபடாமல் ஒருவர் வாசித்துப் பதிவு செய்தால் என்ன?" என்று சிலர் கேட்பதுண்டு. அதுவும் நல்லதே. ஆனால் எழுத்தாக இருந்தால் வேண்டிய இடத்தைத் தேடிப் போகலாம். ஒரு சொல்லை எழுத்தெழுத்தாகக் கேட்கலாம். பிறெயிலிலும் அச்சிடலாம். கொஞ்சம் பார்வை உள்ளவர்கள் எழுத்தைப் பெரிதாக்கி வாசிக்கலாம்.

பதிப்புரிமை பற்றியும் கேட்கிறார்கள். பார்வையற்றோர் வாசிக்கக்கூடிய வடிவில் நூல்களை மாற்றுவதற்காகவே 2013 இல் மராகேஷ் உடன்படிக்கை உருவானது. அது 2016 இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் அதில் இணைந்த நாடு. ஆயினும் திருத்திய புத்தகம் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டுமே போக வேண்டும். எல்லோருக்கும் பரப்புவதோ விற்பதோ கூடாது. ஆகையால் தனியாகச் செய்யாமல், இத்துறையில் உள்ள ஒரு நிறுவனத்தினூடாகச் செய்வதே பாதுகாப்பானது. எழுத்தாளர் உயிரோடு இருந்தால் ஒரு சொல் கேட்பதும் மரியாதை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்

சகோதரிகளே, இந்த இதழை வாசிக்கும் உங்களில் பலர் எவ்வளவோ இழந்தவர்கள். "எங்களுக்கே ஆயிரம் பிரச்சினை, இதில் மற்றவருக்குப் புத்தகம் திருத்துவதா?" என்று நினைக்கலாம். நியாயமான கேள்வி. நானும் சொல்கிறேன், இது வருமானம் தரும் வேலையல்ல. ஆனால் ஒரு போனும், தமிழ் வாசிக்கத் தெரிந்த கண்ணும், நாளுக்கு ஒரு பக்கத்துக்கான நேரமும் போதும். நடக்க முடியாதவர் செய்யலாம். வீட்டை விட்டு வெளியே போக முடியாதவர் செய்யலாம். உங்கள் கிராமத்தில் பார்வையற்ற ஒருவர் இருந்தால், முதலில் அவரிடம் போய் என்ன வாசிக்க விருப்பம் என்று கேளுங்கள். அவரது தாயிடமோ மகனிடமோ அல்ல, அவரிடமே கேளுங்கள். பிரதேச செயலகத்தில் உள்ள சமூக சேவைகள் உத்தியோகத்தரிடமும் விசாரித்துப் பாருங்கள்.

நாங்கள் திருத்தும் ஒவ்வொரு புத்தகமும் இப்போது கடைசியாக அக்காவிடம்தான் போகிறது. அவர் காதால் கேட்டு, எந்தப் பக்கத்தில் என்ன பிழை என்று குரல் செய்தி அனுப்புவார். அவருக்குத் தப்பும் பிழை மிகக் குறைவு. முன்பள்ளிப் பிள்ளைகளைத் திருத்திய அதே கண்டிப்போடு எங்களையும் திருத்துகிறார்.

சென்ற கிழமை ஒரு செய்தி வந்தது. "இந்தப் புத்தகத்தில எல்லாப் பக்கமும் இருக்கு. பிழை இரண்டுதான். அடுத்தது என்ன பிள்ளை?"